‘போனமுங்க’ என்றால் எத்தனை மதிப்பெண்

போன வாரம் மறுவாழ்வு மையத்திலிருந்து மேடம் கூப்பிட்டார். புதிதாக நான்கு பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றும், வீடு தேடிப் போய்ப் படிவம் நிரப்புவதைப் பற்றி உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார். ஆறு வருடம் அந்த வேலையைச் செய்தவளுக்குத் தெரியாததா என்றார். தெரியாததுதான் அதிகம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாப்பா கூடத்தில் எதையோ கவிழ்த்துவிட்டாள். சரிங்க மேடம் என்று சொல்லி வைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் சரிங்க என்று சொல்லிவிட்டு அப்புறம் உட்கார்ந்து யோசிப்பது என் வழக்கம்.

வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. விட்டது சரியா என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆகவே இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாதம் வந்து தேறி வருகிறவர்களுக்கானது. முதல் மூன்று பக்கம் எனக்கு ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. கை எவ்வளவு உயர்கிறது, எத்தனை அடி நடக்கிறார், சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாரா என்பதையெல்லாம் கண்ணால் பார்த்து எழுதிவிடலாம். தொல்லை நான்காவது பக்கத்தில். அதன் தலைப்பு சமூகப் பங்கேற்பு. இந்த மனிதர் மறுபடி நாலு பேரோடு புழங்க ஆரம்பித்துவிட்டாரா என்பதைப் பன்னிரண்டு கேள்விகளில் கண்டுபிடிக்க வேண்டும். கோயிலுக்குப் போனீர்களா, கடைக்குப் போனீர்களா, விசேஷங்களுக்குப் போனீர்களா. மூன்று மாதத்தில் போகவே இல்லையென்றால் பூஜ்யம், ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு தடவைக்கு இரண்டு, அதற்கு மேல் மூன்று. மொத்தம் ஒரு அளவைத் தாண்டிவிட்டால் அவருக்கு வாரா வாரம் தெரபிஸ்ட் வீட்டுக்கு வருவது நின்றுவிடும். அந்த இடம் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போகும். அளவை வைத்தவர்கள் வேறு யாரோ. எண்ணைப் போடுவது நாம்.

நான் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கத்தின் முதல் கேள்வி ‘வெளியே போகிறீர்களா’ என்று இருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் கேட்டேன். மில்லில் வேலை பார்த்தவர். “தினமும் போறனுங்க. காலைல ஒருவாட்டி. அந்த மஞ்ச மாத்தர போட்டன்னா ரெண்டாவதும் போவோணும்” என்றார். தினமும் இரண்டு முறை என்று எழுதி மூன்று மதிப்பெண்ணும் போட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, “ஒக்காந்து எந்திரிக்கத்தான் செரமமுங்க, ஒரு கம்பி வெச்சுக் குடுத்தீங்கன்னா தேவலை” என்றபோதுதான் அவர் எந்த ‘வெளியே’வைச் சொல்கிறார் என்று விளங்கியது. நான் பிறந்து வளர்ந்ததும் இதே ஊர்தான். எங்கள் வீட்டிலும் கழிவறைக்குப் போவதை வெளியே போவது என்றுதான் சொல்வார்கள். கையில் படிவம் இருந்ததும் அது மறந்துபோயிருக்கிறது.

மையத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, அதற்கு முன்னால் இப்படி எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்ற யோசனை வந்தது. அதற்கு இன்றுவரை கணக்குத் தெரியாது. பிறகு அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, எங்கே போனீர்கள் என்று இடத்தின் பெயரைச் சொல்லியே கேட்கலாம் என்று நான்தான் மேடத்திடம் சொன்னேன். மாற்றினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இனிமேல் தப்பு வராது என்று நினைத்தேன்.

பொன்னுசாமி ஐயாவைப் பற்றித்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

சூலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டுத் தறி வைத்து ஓட்டியவர். ஐம்பத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒன்றரை வருடத்தில் கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தார். பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். நாம் ஒரு சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும், வந்ததும் அது எதைப் பற்றியது என்று யோசிக்க வேண்டும். அவருடைய மனைவி மரகதம் அம்மா அப்படியில்லை. அவர் பேசுகிற வேகத்துக்கு எழுத முடியாது.

அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். சரவணம்பட்டியில் அவளை விட்டிருந்த குழந்தைகள் காப்பகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். ஐந்து மணிக்குள் போய் எடுக்க வேண்டும், சூலூரிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். நான்காவது பக்கத்தைத் திருப்பும்போது மணி மூன்றரை. கேள்வியை ஐயாவைப் பார்த்துத்தான் கேட்டேன், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதில் பக்கத்திலிருந்து வந்தது.

“நீங்க கல்யாணம் காட்சின்னு ஏதாவது போனீங்களாங்க?”

“போனமுங்க. எங்க நாத்தனா ஊட்டுக் கல்யாணம், அப்பறம் பெருந்துறைல ஒண்ணு, காங்கேயத்துல ஒரு காதுகுத்து, போன வாரம் கூட ஒரு கல்யாணமுங்க. எல்லாத்துக்கும் போய்ட்டு வந்துபோட்டமுங்க.”

நான்கு விசேஷம். முழு மதிப்பெண். அப்போது ஐயா இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். “வண்டி” என்றார். சற்று நேரம் கழித்து மறுபடியும் “வண்டி, வண்டில” என்றார். “ஆமாங்கய்யா, வண்டிலதானே போனீங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் படிவத்தின் ஓரத்தில், ‘பேச்சில் முன்னேற்றம், பயணத்தைப் பற்றித் தானாகவே சொன்னார்’ என்று எழுதினேன். அந்த வரி இப்போதும் அவருடைய ஃபைலில் இருக்கும். என் கையெழுத்துத்தான்.

மொத்தம் அளவைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து நீலாம்பூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் என் கணவரின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். மேளச் சத்தம் பாப்பாவுக்கு ஆகாது. அவளைத் தூக்கிக்கொண்டு கார்கள் நிற்கும் பக்கம் வந்து நடந்துகொண்டிருந்தேன். அவள் எந்தக் கூட்டத்திலும் ஒட்டமாட்டாள். காப்பகத்தில் கொடுத்த அட்டையில், மற்ற குழந்தைகளோடு சேர்கிறாளா என்ற கேள்விக்கு ‘சில நேரம்’ என்று டிக் அடித்திருந்தேன். உண்மையில் என்ன என்று எனக்குத் தெரியாது, நான் அங்கே இருப்பதில்லையே. அந்த யோசனையில் நடந்துகொண்டிருந்தபோது, வேப்பமரத்தடியில் நின்ற காரின் பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு, நெற்றியில் சந்தனம். பொன்னுசாமி ஐயா.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிடிபட்டது நான்தான். ஆனால் அவர் ஏதோ தப்புச் செய்தவர் போலத் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் மரகதம் அம்மா பாக்குமட்டைத் தட்டில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான்.

“ஏனுங்க அம்மணி, நீங்க யாரு பக்கமுங்க?”

மாப்பிள்ளை பக்கம் என்றேன்.

“அப்ப நாம சொந்தமாயிட்டமுங்க. இனி அந்தத் தாளெல்லாம் எடுத்துட்டு வரக்கூடாது, சொல்லிப்போட்டேன்” என்று சிரித்தார். காருக்குள் ஏறி, கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு ஐயாவுக்கு ஊட்ட ஆரம்பித்தார். வலது கை வராது. பந்தியில் நாலு பேர் நடுவில் இடது கையால் சாப்பிட அவர் சம்மதிப்பதில்லை. கண்ணாடிக்கு வெளியே நான் பாப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். போகலாமா நிற்கலாமா என்றே தெரியவில்லை.

மரகதம் அம்மா இறங்கி வந்ததும் கேட்டேன். அன்று சொன்ன நான்கு விசேஷமும் இப்படித்தானா, ஐயா காரிலேயேதான் இருந்தாரா என்று. ஆமாம் என்றார், அதில் என்ன என்கிற மாதிரி. போனோம் என்று சொன்னீர்களே என்றேன்.

“போனமுல்லங்க. நான் பொய் சொல்லலீங்களே கண்ணு. ஊட்டுக்கு ஒரு ஆளு போய்த் தலையக் காட்டீட்டா ஊடே போனாப்லதானுங்க. இவரும் மண்டபத்து வாசலு வரைக்கும் வந்துட்டாரு. வந்தவிய எல்லாரும் காரண்ட வந்து ஒரு வார்த்த பேசீட்டுத்தான் போனாங்க. இதுக்கு மேல என்னுங்க வேணும்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ‘போனமுங்க’ என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. அவரை விட்டுத்தள்ளுங்கள், என் கேள்வி மட்டும் என்ன ஒழுங்கு? ‘நீங்க போனீங்களா’ என்றேன். ஒருவரை மரியாதையாகக் கேட்டாலும் ‘நீங்க’தான், குடும்பத்தையே சேர்த்துக் கேட்டாலும் ‘நீங்க’தான். நான் ஐயாவைக் கேட்டேன். அந்த அம்மா வீட்டைக் கேட்டதாக எடுத்துக்கொண்டு வீட்டுக்காகப் பதில் சொன்னார். ஐயா மட்டும் ‘வண்டி’ என்று திருத்தப் பார்த்தார். அதற்கு நான் முன்னேற்றம் என்று பெயர் வைத்தேன்.

திங்கட்கிழமை மேடத்திடம் போய்ச் சொன்னேன். சொல்வதற்கு முன் வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடுமோ என்று பயந்ததையும் சொல்லிவிடுகிறேன். மேடம் கோபப்படவில்லை. படிவத்தை எடுத்து என் முன்னால் போட்டு, இப்போது எத்தனை மதிப்பெண் போடுவாய் என்று கேட்டார். பூஜ்யம் என்றேன்.

“பூஜ்யமா? ஒரு வருஷத்துக்கு முன்னாடி கட்டில விட்டு எறங்க மாட்டேன்னு அழுத மனுஷன். இப்ப சட்டை மாத்தி, சந்தனம் வெச்சு, மண்டபம் வரைக்கும் வந்திருக்கார். கட்டில்லயே கெடக்கறவருக்கும் பூஜ்யம், இவருக்கும் பூஜ்யமா?”

அப்படியானால் மூன்றா என்றேன். அதுவும் இல்லை என்றார். எண் எத்தனை தடவை என்பதற்குத்தான், வாசல் வரை வந்ததற்குப் பாதி போட அந்தப் படிவத்தில் வழியில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல். ஐயாவின் இடம் கண்ணம்பாளையத்தில் ஒரு பள்ளி ஆசிரியைக்குப் போய்விட்டிருந்தது. முப்பத்திரண்டு வயது. அப்போதுதான் விரல்கள் அசைய ஆரம்பித்திருந்தன. இவரை மறுபடி சேர்த்தால் அவருக்குக் குறையும். கடைசியில் இருவருக்கும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று ஆக்கினார்கள். அந்த ஆசிரியையின் கணவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் என்ன தப்புச் செய்தோம் என்று கேட்டார். நான் செய்த தப்பு என்று சொன்னேன். அதற்கு அவர், அப்புறம் ஏனுங்க எங்களுக்குக் குறைக்கிறீங்க என்றார். உங்களுக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும், பதில் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

புதிய படிவத்தோடு ஐயாவின் வீட்டுக்குப் போனேன். இந்த முறை மரகதம் அம்மாவைக் காப்பி போடச் சொல்லி உள்ளே அனுப்பினேன். அவரைத் தள்ளி வைப்பதற்காகக் கேட்ட காப்பி அது. ஆனாலும் ஐயாவிடம் எப்படிக் கேட்பது? மறுபடியும் ‘நீங்க’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். வேறு எப்படியும் அவரை அழைக்க என் வாய் வராது. அதனால் ஒரு வெள்ளைத் தாளில் மண்டபம் வரைந்தேன். ரோட்டுப் பக்கம் கேட், கார் நிற்கும் இடம், படி, பன்னீர் தெளிக்கும் வாசல், மேடை, பந்தி நடக்கும் கூடம். எது வரைக்கும் போனீங்க என்று கேட்டுப் பேனாவை அவர் இடது கையில் கொடுத்தேன்.

பேனாவைக் கார் நிற்கும் இடத்தில் வைத்தார். சரி, அவ்வளவுதான் என்று நான் தாளை இழுக்கப் போனேன். அவர் விடவில்லை. கோடு ஒன்றை மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். படி, வாசல், மேடையைச் சுற்றிக்கொண்டு பந்திக் கூடத்தில் வந்து நின்றார். அங்கே இரண்டு தடவை குத்தினார். “இலை” என்றார்.

அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். இலை போட்டுச் சாப்பிட ஆசையா என்று வேறு மாதிரி கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து பேனாவைக் கீழே போட்டுவிட்டார். சமையலறையிலிருந்து மரகதம் அம்மா தாங்காமல் குரல் கொடுத்தார்.

“அவரு திங்கறதுக்கு எந்தக் காலத்துலீங்க கல்யாணத்துக்குப் போனாரு? எங்க சனத்துல எந்தக் கல்யாணம்னாலும் பந்தி விசாரிக்கறது இவருதானுங்க. எந்த எலைக்கு என்ன வல்லீன்னு பாத்துட்டே நிப்பாரு. கடைசிப் பந்தி எந்திரிக்கற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டாருங்க.”

ஐயா ஆமாம் என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் அவர் அழுததைப் பார்த்தேன். ஒன்றரை வருடமாக நாம் அவருக்கு இடது கையால் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

விசேஷங்கள் என்ற கட்டத்தில் அன்று பூஜ்யம் போட்டேன். கீழே, ‘முன்பு போட்ட மூன்று என் தவறு, காரில் இருந்தார்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். தெரபிஸ்டிடம், கரண்டியை விட்டுவிட்டு, படி ஏறுவதையும் அரை மணி நேரம் ஓரிடத்தில் நிற்பதையும் பழக்கச் சொன்னேன். இதுவரை நடந்தது சரி என்றுதான் நினைக்கிறேன். இதற்குப் பிறகுதான் எனக்குக் குழப்பம்.

நான்கு மாதம் கழித்து, சூலூரிலேயே அவர் அக்கா பேத்தியின் கல்யாணம். படி குறைவான மண்டபம். கம்பை ஊன்றி உள்ளே போய்ப் பந்திக் கூடத்துச் சுவரோரம் நின்றார். மூன்றாவது வரிசையில் ஒரு இலைக்கு ரசம் வரவில்லை என்று கம்பைத் தூக்கிக் காட்டினார். பரிமாறுகிறவர் ஓடி வந்தார். ஒரு பந்தி முழுக்க நின்றார். இரண்டாவது பந்தியில் சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, ஐயோ இந்த உடம்போடு நிற்கிறீர்களே என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டிப்போய் மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் மரகதம் அம்மா போனில் சொன்னார்.

அந்த நாளிலிருந்து ஐயா காரில் உட்கார்ந்திருக்க ஒப்புக்கொள்வதில்லை. கூப்பிட்டால், “உள்ள” என்பார். உள்ளே போய் நிற்க முடிந்தால் வருவார். படி அதிகமான மண்டபம் என்றாலோ, அன்றைக்குக் கால் சரியில்லை என்றாலோ, சட்டையே போடமாட்டார்.

வேலையை விடுவதற்கு முந்தின வாரம் கடைசியாக அந்த வீட்டுக்குப் படிவம் நிரப்பப் போனேன். விசேஷங்கள்: ஒன்று. என்னிடம் இருந்த தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று, பூஜ்யம், ஒன்று என்று இருந்தது. கோயில், கடை எல்லாவற்றிலும்கூட எண் இறங்கியிருந்தது. முன்பு அவற்றுக்கும் காரில்தான் போயிருக்கிறார்கள், அதையும் நான் கேட்டிருக்கவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இந்த மனிதர் பின்னால் போய்விட்டார் என்றுதான் தோன்றும். ஒரு பந்தி முழுக்க நின்றவர் முன்னேறிவிட்டாரா? அல்லது மூன்று மாதத்தில் ஒரே ஒரு நாள் தவிர வீட்டுக்குள்ளேயே இருப்பவரை நான் முன்னேறியவர் என்று நினைக்க ஆசைப்படுகிறேனா? முன்பு காரண்டை வந்து பேசிய நாலு பேரும் இப்போது அவருக்கு இல்லை. அதை எடுத்துவிட்டது நான் வரைந்த தாள்தானோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

கிளம்பும்போது மரகதம் அம்மா கேட் வரை வந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தார், பெருந்துறையில் ஒரு வரவேற்பாம். கார் ஓட்டுகிற மருமகன் ஊரில் இல்லை. ஐயா வரமாட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். சிரிக்கவில்லை.

“நீங்க வந்து கேட்டதுலிருந்துதானுங்க இவரு இப்பிடி. மொதல்ல ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ட்டு ஒண்ணா வந்தமுங்க. அவரும் கூட வரோணும்னு எனக்கும் இருக்காதுங்களா? இப்ப இன்னைக்கோட சேத்து மூணு விசேசத்துக்குத் தனியா பஸ்ஸுல போறனுங்க, போற எடத்துலயெல்லாம் அவரு வல்லீங்களா, அவரு வல்லீங்களான்னு கேக்கறாங்க. நாலு பேத்துக்கு நடுவுல தனியா ஒக்காந்து உங்கறப்ப எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

“அவரு தேறீட்டாருன்னு எழுதீருக்கறீங்களா, இல்லீன்னு எழுதீருக்கறீங்களா அம்மணி?”

நடந்ததை எழுதியிருக்கிறேன் என்றேன்.

“அப்ப என்னையுஞ் சேத்து எழுதிக்குங்க” என்றார். கேட்டைச் சாத்திவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். எனக்கும் அதே பஸ்தான். ஆனால் கூடவே நடக்கக் கால் வரவில்லை.

அந்தப் படிவத்தில் மனைவிக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. கேட்டருகில் நின்றபடியே தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்: மரகதம், மனைவி. மூன்று மாதத்தில் நான்கு விசேஷம். மூன்று தனியாக, பஸ்ஸில். அதற்கு எத்தனை மதிப்பெண் என்று போடவில்லை.